ஆல்பம் கெட்டதா, ஒலி கெட்டதா, கூடம் கெடுத்ததா?

இருபது முப்பது வருஷமாக ஒரு புராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) குழுவைக் கேட்டுவருபவர், அதன் ஆல்பம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்துகிறார். “ஒரே இரைச்சல். டிரம்ஸ் தகரத்தைத் தட்டினாற்போல் இருக்கிறது. எந்தப் பாட்டும் மனசில் நிற்கவில்லை. இவர்கள் கதை முடிந்தது” என்கிறார். கேட்பதற்கு இது ஒரே புகார்தான். பிரித்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு இடங்களில் நேர்ந்த கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து அவர் காதில் விழுந்திருக்கின்றன.

கனடாவின் ரஷ் குழு 2026இல் மீண்டும் மேடை ஏறப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. அதையொட்டிப் பழைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்கத் தொடங்கியவர்கள் பலர் 2002இன் ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ வந்ததும் திகைத்துப்போகிறார்கள். அந்தத் திகைப்புக்குக் காரணம் உண்டு. அது பாட்டில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவர்களுக்கு இன்னொரு காரணமும் கூடவே சேர்ந்துகொள்கிறது. முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

தட்டின் நீளம்தான் இசையின் நீளம்

காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் செய்த தொழில் கிராமபோன் தட்டு. அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் இடம். நம் சினிமாப் பாட்டு மூன்றரை நிமிஷத்துக்குள் அடங்கியதில் அந்தத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

1948இல் 33⅓ சுற்று எல்.பி. தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இடத்தை ஒரே படைப்பால் நிரப்பத் துணிந்தவர்கள்தான் புராக் ராக் குழுக்கள். நீண்ட பல்லவி, திரும்பத் திரும்ப வேறு உருவில் வரும் மெட்டு, ஏழும் ஐந்துமாக மாறும் தாளம், கிதாரோடு போட்டிபோடும் கீபோர்டு என்பவை இதன் அடையாளங்கள். யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ (1972) 18 நிமிஷத்துக்கு மேல், ரஷ்ஷின் ‘2112’ (1976) 20 நிமிஷத்துக்கு மேல். இரண்டும் ஒரு பக்கம் முழுக்க ஒரே படைப்பு.

சி.டி. வந்ததும் 74 நிமிஷம் கிடைத்தது. இணையத்தில் எல்லையே இல்லை. 40 நிமிஷத்தில் வேண்டாததை வெட்டிய அதே குழு, 70 நிமிஷம் கிடைத்ததும் வெட்டாமல் விட்டது. டிரீம் தியேட்டரின் ‘தி அஸ்டானிஷிங்’ (2016) 34 உருப்படிகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். அது பிடிக்காமல் போனதாகச் சொன்ன பழைய ரசிகர்களில் பலருக்குத் தனித்தனிப் பாட்டுகள் பிடித்தே இருந்தன.

மூன்று கோளாறுகள்

1. எழுத்தின் கோளாறு: மெட்டு, அமைப்பு, நீளம், வரிகள். இது குழுவின் பொறுப்பு. எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

2. பதிவின் கோளாறு: தனித்தனியாகப் பதிந்த கருவிகளை ஒன்றாகக் கலப்பது மிக்ஸிங். கலந்ததை வெளியிடும் அளவுக்குச் சீர்செய்வது மாஸ்டரிங். இந்த இரண்டில் தவறு நேர்ந்தால் நல்ல பாட்டும் வதைக்கும். மாஸ்டரிங்கில் மட்டும் தவறு என்றால் மறு மாஸ்டரிங் போதும். மிக்ஸிங்கிலேயே கெட்டிருந்தால் மூலப் பதிவுகளை எடுத்து மறுபடி கலக்க வேண்டும்.

3. கேட்கும் இடத்தின் கோளாறு: அறை, ஸ்பீக்கர் வைத்த இடம், தட்டு, ஊசி. நம் வீட்டிலேயே, நம் கையாலேயே திருத்தக்கூடியது இது ஒன்றுதான்.

ரசிகர்களின் வாக்குவாதம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே நடக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நீக்கிவிட்டுத்தான் முதலாவதைப் பேச முடியும். அதனால் வரிசையைத் தலைகீழாக்கிப் பார்ப்பதே சரி.

‘வேப்பர் டிரெய்ல்ஸ்’: நல்ல பாட்டு, நசுங்கிய ஒலி

டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் 1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் இழந்தார். குழு ஏறத்தாழ கலைந்த நிலைக்குப் போய், ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு கொண்டுவந்த ஆல்பம் இது. கீபோர்டு அறவே இல்லை. கிதாரும் குரலும் அடுக்கடுக்காகப் பதியப்பட்டன. எழுத்திலேயே அடர்த்தியான இசை. அதன்மேல்தான் ‘ஒலி அளவுப் போட்டி’ வந்து விழுந்தது.

சி.டி.யில் ஒலி, வினாடிக்கு 44,100 எண்களாகப் பதிகிறது. ஓர் எண்ணின் மேல் எல்லை 32,767. அதற்கு மேல் போக இடமில்லை. ஆனால் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு நன்றாகப் படும். அதனால் 1990களிலிருந்து நிறுவனங்கள் சராசரி ஒலியை மேலே மேலே தள்ளின. உச்சம் நகர முடியாது, சராசரி மட்டும் ஏறுகிறது என்றால் நடுவில் நசுங்குவது எது? டிரம்ஸின் அடி. ஸ்நேர் டிரம்மின் முதல் சில மில்லி வினாடிகளில்தான் அதன் உயிர் இருக்கிறது. லிமிட்டர் என்ற கருவி அந்த முனையை மழுங்கடிக்கும். இன்னும் தள்ளினால் அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். தட்டையான உச்சி, மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். சிம்பல் ‘ஸ்ஸ்’ என்று மணலைக் கொட்டுவதும், குரல் கரகரப்பதும் இதனால்தான்.

‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ அளவு மீறி மாஸ்டர் செய்யப்பட்டதைக் கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனே ஒப்புக்கொண்டார். சிதைவில் ஒரு பகுதி மாஸ்டரிங்குக்கு முந்தைய கட்டத்திலேயே ஏறியிருந்ததால் மறு மாஸ்டரிங் போதவில்லை. 2009இல் இரண்டு பாட்டுகள் மறுபடி கலக்கப்பட்டு ஒரு தொகுப்பில் வந்தன. 2013இல் இசைத் தயாரிப்பாளர் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் மறுபடி கலந்தார். அதே வாசிப்பு, அதே மெட்டு. ஆனால் முதல் பாட்டான ‘ஒன் லிட்டில் விக்டரி’யின் தொடக்கத்தில் பியர்ட்டின் இரட்டை பாஸ் டிரம்மில் ஒவ்வொரு உதையும் தனியாகக் கேட்கிறது. 11 வருஷம் “இந்த ஆல்பம் தேறாது” என்று ஒதுக்கியவர்கள் ஒதுக்கியது பாட்டை இல்லை, 2002இன் கலவையை.

இன்னொரு செய்தி. இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சராசரிக்கு, -14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகின்றன. எல்.யூ.எஃப்.எஸ். என்பது காது உணரும் சராசரி ஒலியின் அளவுகோல். -7இல் மாஸ்டர் செய்த ஆல்பத்தை 7 டெசிபல் குறைத்துவிடுவார்கள். சத்தத்தால் கிடைத்த ஆதாயம் போய்விடும், சீவிய உச்சி சீவியபடியே இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

1. சி.டி.யிலிருந்து எடுத்த, ஒலியில் எதுவும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பைப் பயன்படுத்துங்கள். யூடியூபிலிருந்து இறக்கியது உதவாது. சுருக்கும்போதே அலையின் உருவம் மாறியிருக்கும்.

2. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, பார்வைப் பட்டியலில் கிளிப்பிங்கைக் காட்டும் வசதியை இயக்குங்கள். எல்லையில் முட்டிய இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். பாட்டுக்கு நாலைந்து கோடு என்றால் பொருட்டில்லை. திரை முழுக்கச் சிவந்தால் கோளாறு உறுதி.

3. சிவப்பே இல்லை என்பதால் நல்ல பதிவு என்று முடிவு கட்டாதீர்கள். சீவிய பிறகு அரை டெசிபல் குறைத்து வெளியிடுவதும் உண்டு. ஒரு டிரம் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி கூராக இருக்க வேண்டும். மேசைபோல் தட்டையாக இருந்தால் சீவப்பட்டது.

4. அதே குழுவின், உங்களுக்குப் பிடித்த பழைய ஆல்பத்தின் பாட்டு ஒன்றையும் திறந்து, இரண்டையும் லவுட்னெஸ் நார்மலைசேஷன் (சராசரி ஒலியைச் சமமாக்கும் வசதி) மூலம் -18 எல்.யூ.எஃப்.எஸ்.க்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தம் கூடியதே ஜெயிக்கும். பழைய ஆல்பத்தின் முதல் சி.டி. பதிப்பு கிடைத்தால் நல்லது. பிற்கால மறு மாஸ்டரிங்குகளில் பல இதே நோய் பிடித்தவை.

5. இரண்டையும் ஹெட்ஃபோனில், பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்கும் அளவு ஒலியில் கேளுங்கள். பழையது தெளிவாகவும் புதியது சோர்வாகவும் இருந்தால் பதிவின் கோளாறு. இரண்டும் தெளிவாக இருந்து, ஸ்பீக்கரில் மட்டும் குழம்பினால், குற்றவாளி உங்கள் வீடு.

செட்டிநாட்டுக் கூடம் என்ன செய்கிறது

வெயிலுக்காகவும் விசேஷங்களுக்காகவும் கட்டிய வீடுகள் இவை. உயரமான கூரை, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த சுவர்ப் பூச்சு, கீழே ஆத்தங்குடி டைல்ஸ். கைக்குக் குளிர்ச்சியாகவும் கண்ணுக்கு அழகாகவும் இருக்கும் இந்தப் பரப்புகள் ஒலியை ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. விழும் ஒலியில் நூற்றுக்கு 97 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒலி நின்ற பிறகு அது 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்துக்கு எதிர்முழக்க நேரம் என்று பெயர். கணக்கு எளிது: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும்.

40 அடிக்கு 20 அடி, உயரம் 16 அடி உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் சுமார் 12, 6, 5. கன அளவு 360. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 324 சதுர மீட்டர். அதில் நூற்றுக்கு 3 பங்கு விழுங்கினால் 9.7. எதிர்முழக்க நேரம் 6 வினாடி. பாட்டு கேட்கும் அறைக்கு நல்ல அளவு அரை வினாடி.

நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு சுரம் வாசித்தால் 6 வினாடியில் 48 சுரம் வந்துவிடும். முதல் சுரம் அடங்குமுன் அத்தனையும் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன. இடைவெளி விட்டு எழுதிய 1970களின் ஆல்பம் இதில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மௌனமே இல்லாமல் நசுக்கிய ஆல்பத்தில் எதிர்முழக்கம் அடங்க ஒரு சந்துகூட இல்லை. அதே வீட்டில் நாகஸ்வரம் கேட்க இனிமையாக இருப்பது ஏன் என்று கேட்கலாம். ஒரே ராகத்தின் நீண்ட சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் சுருதியோடு இணைந்தே நிற்கும்; அதை வாசிக்கும் வளவோ, அதாவது வீட்டின் நடு முற்றமோ, மேலே திறந்து கிடக்கிறது, ஒலி வானத்துக்குப் போய்விடுகிறது.

இந்தத் திறப்புதான் முதல் மருந்து. திறந்த கதவு தன் பரப்பு முழுவதையும் விழுங்கிய கணக்கு. வளவுப் பக்கக் கதவு, சன்னல் எல்லாம் சேர்ந்து 10 சதுர மீட்டர் திறந்தால் நேரம் 3 வினாடிக்குக் கீழே வந்துவிடும். அதோடு எட்டு இலவம்பஞ்சு மெத்தைகளையும் சுவரோரம் நிறுத்தினால் 2 வினாடி. ஜமக்காளத்தை நம்ப வேண்டாம். மெல்லிய துணி சிம்பலின் கீச்சொலியை மட்டும் விழுங்கும், குழப்பம் இருக்கும் நடு அதிர்வெண்களை அப்படியே விட்டுவிடும்.

2 வினாடியும் அதிகம்தான். வளவைச் சுற்றியுள்ள சின்ன அறை ஒன்றுக்குப் போய்விடுவதே நல்லது. 13 அடிக்கு 10 அடி அறை என்றால்:

1. ஸ்பீக்கரை முன்சுவரிலிருந்து 3 அடி, பக்கச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, 6 அடி இடைவெளியில் வையுங்கள். மூலையில் வைத்தால் பாஸ் என்ற தாழ்ந்த ஒலி ஊதிப் பெருத்துவிடும்.

2. நாற்காலி பின்சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்கட்டும். 13 அடி நீள அறை 44 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 44 அதிர்வு) பக்கம் தானாகவே முழங்கும். பாஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த முழக்கம்தான் மிகுதியாகக் கேட்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரமே காணாமல் போகும். செட்டிநாட்டுச் சுவர்கள் கனமானவை என்பதால் பாஸ் வெளியே கசிய வழியில்லை. நகரத்து மெல்லிய சுவர் வீட்டைவிட இங்கே முழக்கம் கூடுதல்.

3. பின்சுவரில் இரண்டு மெத்தை, இரு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று. துணி அடுக்கிய திறந்த அலமாரியும் உதவும்.

பழைய தட்டில் கேட்பவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிராமபோனும் ரெக்கார்டு பிளேயரும் கண்ணில் படும். வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். 78 தட்டின் ஊசி முனை சுமார் 75 மைக்ரான், எல்.பி.க்கு 18 மைக்ரான். குழாய் வைத்த கிராமபோனின் இரும்பு ஊசியை எல்.பி.யில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தடம் உழுதுவிடும். இரண்டாவது, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த அமெரிக்க மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். பாட்டு மூன்று அரைச்சுரம் இறங்கி, பாடகரின் குரல் தடித்துக் கேட்கும். மூன்றாவது, தளர்ந்த பெல்ட். 3 சதவீத வேகக் குறைவே அரைச்சுரத்தில் பாதி. குரல் மாறிவிட்டது, முன்போல் வேகம் இல்லை என்ற புகார்களில் சில இங்கே முடிந்துவிடும்.

தட்டின் ஓரத்தில் ஊசிக்கு அடியில் தடம் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிள் பக்கம் 21தான். ஒரே சுற்றில் அடைக்க வேண்டிய ஒலி அதேதான், இடம் பாதிக்கும் கீழே. புராக் ராக்கின் உச்சக்கட்டம் பக்கத்தின் கடைசியில்தான் வரும் என்பதால் சிதைவும் அங்கேதான் வரும். இதைக் குழுவின் தலையில் ஏற்றக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால்

இப்போதுதான் எழுத்தைப் பற்றிப் பேசலாம். இங்கே பழைய ரசிகர்கள் கையில் எடுக்கும் அளவுகோல்கள் சில பிழையானவை.

“இப்போதெல்லாம் நேர் தாளம்தான் வாசிக்கிறார்கள்” என்பது ஒன்று. மிஸ்ர சாபும் கண்ட சாபும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஏழும் ஐந்தும் புதிதில்லை. பிங்க் ஃபிளாய்டின் ‘மனி’ (1973) ஏழில் ஓடும். அதன் கிதார் தனி வாசிப்பு நாலுக்கு மாறிவிடும். ஜெனிசிஸ் பாப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று ரசிகர்கள் குமுறிய காலத்தின் ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ (1980) பதின்மூன்றில் ஓடுகிறது, பிரிட்டனில் முதல் பத்தில் இடமும் பிடித்தது. தாளக் கணக்கு ஆழத்துக்கு அத்தாட்சி ஆகாது.

“ஆள் மாறியதால் கெட்டது” என்பது இன்னொன்று. யெஸ்ஸின் ‘டிராமா’ (1980) பாடகரும் கீபோர்டு கலைஞரும் மாறி வந்த ஆல்பம். வெளிவந்தபோது எதிர்ப்பு வாங்கியது, இன்று பழைய ரசிகர்களே பரிந்து பேசுகிறார்கள்.

சரியான அளவுகோல் நீளமும் பொருளும் பொருந்துகின்றனவா என்பது. இதற்கு யெஸ்ஸின் ‘டேல்ஸ் ஃபிரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973) தெளிவான உதாரணம். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பைப் படித்த பாடகர் ஜான் ஆண்டர்சன், சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நான்கையும் நான்கு பக்கங்களாக்கினார். பக்கத்துக்கு ஒன்றாக நான்கே உருப்படிகள், மொத்தம் 80 நிமிஷத்துக்கு மேல். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஒற்றைத் தட்டுக்கு மிஞ்சிய, இரட்டைத் தட்டுக்குப் போதாத சரக்கு என்பது கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனின் குறை. 1974இல் அவர் விலகினார்.

இப்படிப்பட்ட ஆல்பத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் முக்கிய மெட்டு எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது, எப்போது திரும்புகிறது, திரும்பும்போது ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே மூன்று முறை, வெவ்வேறு நாட்களில் கேட்க வேண்டும். முதல் தடவை கேட்கும்போது 20 நிமிஷப் படைப்பின் மெட்டு நினைவில் தங்காது. தங்காவிட்டால் அது திரும்பி வரும் இன்பமும் கிடைக்காது. மூன்றாம் முறையும் தாளில் ஐந்தாறு நிமிஷம் வெறுமையாகக் கிடந்தால், அந்த இடம் வெறும் நீளத்துக்காக நிரப்பப்பட்டதுதான்.

‘டேல்ஸ்’ ஆல்பத்தை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மறுபடி கலந்த பதிப்பு 2016இல் வந்தது. கருவிகள் துலக்கமாகக் கேட்கின்றன, நான்காம் பக்கத்தின் தாளவாத்தியப் பகுதி பிரமாதம். இரண்டாம் பக்கம் அதிலும் 20 நிமிஷத்துக்கு மேல்தான் ஓடுகிறது.